மூன்றாவது சொட்டில் நீலம்

இன்று காலை மூலக்குளத்தில் ஒரு வீட்டு மொட்டை மாடியில், ஹாட் டப் என்கிற சுடுநீர்த் தொட்டியின் தண்ணீரைச் சோதனைக் குப்பியில் எடுத்து, சுண்ணாம்புச் சத்தை அளக்கும் சொட்டு மருந்து விட்டேன். பதினைந்து சொட்டு வரையாவது சிவப்பாகவே நிற்க வேண்டிய தண்ணீர், மூன்றாவது சொட்டிலேயே நீலமாகிவிட்டது. உடனே உன் முகம்தான் வந்தது.

நாம் இருவரும் சேர்ந்து வேலை பார்த்த பாகூர் பண்ணை வீட்டுத் தொட்டியிலும் இதே நீலம்தான். போர்வெல் தண்ணீரில் உப்பு படிகிறது என்று, ஆர்.ஓ. தண்ணீரை லாரியில் இறக்கித் தொட்டியை நிரப்பியவன் நான். குடிக்கிற தண்ணீரையே ஊற்றிவிட்டேன் என்று பெருமை வேறு. இரண்டே மாதத்தில், கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கர் அடிக்கடி விழ ஆரம்பித்தது. ஹீட்டரைக் கழற்றினால் உறையெல்லாம் பொத்தல்; கரண்ட் தண்ணீரில் கசிந்திருக்கிறது.

"இது பசிச்ச தண்ணி பா. சுண்ணாம்பு இல்லன்னா இரும்பத்தான் தின்னும்" என்றாய்.

வீட்டுக்காரர் விருந்தாளிகள் வந்துவிட்டதாக நெருக்கினார். அதே ஹீட்டரைத் திரும்ப மாட்டி, பிரேக்கரை விட்டுவிட்டு டைரக்டாக இணைப்புக் கொடுக்க நான் ஒயரைக் கையில் எடுத்துவிட்டேன். நீ பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தாய்.

"இன்னா பா இது, வேல போவுதே" என்று கத்தினேன்.

"போனா போவுது. உள்ள எறங்கப் போறது கொழந்தைங்க."

வேலை போனது. கோபத்தில் ஒன்றரை மாதம் உன்னோடு பேசவில்லை. பிறகு உன்னைப் பார்த்தது ஐஸ் பெட்டியில்தான். அந்த ஒன்றரை மாதம் இன்னும் என்னை அறுக்கிறது.

இன்றும் நீலத்தைப் பார்த்துவிட்டு, பிரேக்கர் விழுகிறதா என்று கேட்டேன். "விழுந்துனே இருந்துச்சு. போன வாரம் டைரக்டா குடுத்துட்டோம்ணா, இப்ப ஒண்ணும் பிரச்சன இல்ல" என்றார் வீட்டுக்காரர். ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய மகள் தொட்டியின் படியேறி, உள்ளே வைக்க ஒரு காலைத் தூக்கிவிட்டாள்.

"பாப்பா, கால வெக்காத" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் அப்படியே நின்றாள். ஓடிப்போய்ப் பீஸ் கட்டையைப் பிடுங்கினேன். வீட்டுக்காரர் கத்தக் கத்த அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கி வந்துவிட்டேன்.

இப்போது வில்லியனூரில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போன் விடாமல் அடிக்கிறது. அவர்தான். புது ஹீட்டர் போட்டு, தண்ணீரை மாற்றி, பிரேக்கரைத் திரும்ப இணைக்கும்வரை கட்டை என் சட்டைப்பையில்தான் இருக்கும்.

நீ செய்தது சரி பா. பாகூரிலிருந்து திரும்பும் வழியிலேயே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.