ஹோலுக்குச் சூடு

பலெர்மோவை விட்டு இத்தாலியின் வடக்கே பொலோஞ்ஞாவுக்குக் குடிபோவதென்று தன்னைக் கேளாமலே கணவன் திருக்குமரன் முடிவெடுத்துவிட்டான் என்று சாம்பவிக்குக் கோபம். சண்டை முற்றி, அவன் அறையை விட்டு ஹோலில் படுக்கத் தொடங்கியிருந்தான். படுக்கையறைச் சுவரில் சூடு தரும் ரேடியேற்றர் கொதித்தது. ஹோலில் இருந்ததோ கல்லாய்க் குளிர்ந்து கிடந்தது.

விடியலில் எசமானி சினியோராவின் வீட்டு வேலைக்குப் புறப்பட்டவள், கோட்டுக்குள் சுருண்டு கிடந்தவனைப் பார்த்தாள். மனம் கேட்கவில்லை. கடதாசித் துண்டொன்றில் எழுதினாள்:

"இஞ்சருங்கோ, ஹோல் ரேடியேற்றருக்குள்ள காத்து நிக்குதாம், கீழ்வீட்டுக்காரி சொன்னவ. அவ தந்த சின்னத் திறப்பால கரையில இருக்கிற ஆணியை மெல்லத் திருப்புங்கோ. கீழ கிண்ணம் வையுங்கோ. காத்துப் போய்த் தண்ணி வந்ததும் இறுக்குங்கோ. அறையில இருக்கிறதைப் பாதி மூடினால் ஹோலுக்கும் சூடு வரும். சட்டியில புட்டு இருக்கு. பலெர்மோக் குளிரே தாங்கேலாத ஆள் பொலோஞ்ஞாவுக்குப் போறாராம்!"

சீட்டின்மேல் சாவி போலிருந்த அந்தத் திறப்பை வைத்துவிட்டு வாசல்வரை போனாள். அப்போதுதான் உறைத்தது. ஹோல் சூடாகிவிட்டால் இந்த மனிசன் அறைக்கு ஏன் வரப்போகிறான்?

திரும்பி வந்தாள். திறப்பை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள். சீட்டின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

"திறப்பை நான் கொண்டுபோறன். இரவைக்குக் குளிர்ந்தால் அறைக்கு வாங்கோ. பொலோஞ்ஞாவைப் பற்றி அங்கை கதைப்பம்."