கொடியில் ஈர வேட்டி

என் ரெஜினா அண்ணிக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. வருஷப் பூசையில் அண்ணன் முதல் பெஞ்சில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. நாம் போட்ட சண்டை பாதியில் நிற்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் எப்படி அழுவது?

இந்தக் கடிதத்தைப் பத்திரிகையில் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் நீங்களும் நானும் ஒரே மாதர் சங்கத்தில் வேலை பார்த்தோம். புருஷன் செத்துப்போன, அல்லது விட்டுவிட்டு ஓடிப்போன ஏழைப் பெண்களுக்கு அங்கே தையல் வகுப்பு, மத்தியானச் சாப்பாடு, கைக்குழந்தைக்குப் பால் பவுடர், பார்த்துக்கொள்ள ஓர் ஆயா. வகுப்பு உங்கள் பொறுப்பு. வீடு வீடாகப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவது என் பொறுப்பு. ஆண் துணை இல்லாத வீடு என்று நான் எழுதினால்தான் இடம்.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் குடியிருந்தவளைப் பார்வதி என்று வைத்துக்கொள்வோம். நிஜப் பெயர் உங்களுக்குத் தெரியும். பம்பாய்க்கு மில் வேலைக்கென்று போன புருஷன் ஒரு கடுதாசிகூடப் போடவில்லை. இரண்டு பெண் குழந்தைகள். சின்னது இன்னும் சரியாக நடக்கவில்லை.

ஒருநாள் காலையில், முன்னால் சொல்லாமல் அவள் வீட்டுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. வாசல் கொடியில் ஓர் எட்டு முழ வேட்டி, தண்ணீர் சொட்டச் சொட்டத் தொங்கியது. அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்து, வீட்டில் ஆண் இருக்கிறார் என்று எழுதிக் கொடுத்தேன். மறுவாரமே அவளுக்கு இடம் போயிற்று.

"ஆளைப் பார்த்தியா ஸ்டெல்லா?" என்று கேட்டீர்கள்.

"ஈர வேட்டியைப் பார்த்தேன் அண்ணி. அது தானா நனைஞ்சு தானா கொடியில ஏறிக்குமா?"

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா ஆமான்னா சொல்லப் போறா?"

அதற்குப் பிறகு வீட்டில் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை நீங்கள். அப்புறம் மஞ்சள் காமாலை வந்தது. புத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, "போய்க் கேட்டியா?" என்றுதான் கேட்டீர்கள். "முதல்ல நீங்க எழுந்திருங்க" என்றேன். நீங்கள் எழுந்திருக்கவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினேன். பார்வதி வீட்டில் இருந்தாள். கொடியில் அதே வேட்டி, அதே ஈரம். பள்ளிக்கூடம் போகவேண்டிய பெரியவள் தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அம்மா நாலு வீட்டில் பத்துப் பாத்திரம் தேய்க்கப் போனால், சின்னதை வேறு யார் பார்ப்பார்கள்?

"இதை யாரும்மா கட்டுறது?" என்றேன்.

"யாரும் கட்டுறதில்லீங்க. அவரு விட்டுட்டுப் போனது. தெனம் காலைல நனைச்சுப் போட்டுருவேன்."

"எதுக்கு?"

"ஆத்துக்குக் குளிக்கப் போறவங்க எல்லாம் இந்த வழியாத்தாங்க போறாங்க. பொம்பளை தனியா இருக்கான்னு தெரிஞ்சு ரெண்டு தரம் கதவைத் தட்டிட்டாங்க. காஞ்ச வேட்டின்னா பழசுன்னு நெனைப்பாங்க. ஈரமா இருந்தா, ஆளு இப்பத்தான் குளிச்சிட்டு உள்ள போயிருக்காருன்னு ஒரு பயம் இருக்கும்."

வேட்டியைத் தொட்டுப் பார்த்தேன். வெற்றிலைக் கறை இல்லை, கரையில் மண் இல்லை. நனைத்து நனைத்தே நைந்துபோயிருந்தது. அன்றைக்கே தொட்டிருந்தால் தெரிந்திருக்கும். மகா புத்திசாலி நான், எட்ட நின்றே எல்லாம் தெரிந்துகொண்டேன்!

சங்கத்தில் சொல்லி இடம் வாங்கித் தருகிறேன் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேட்டி விஷயத்தைச் சொல்லிடாதீங்கம்மா. அந்தக் கமிட்டியில ஒரு அம்மா வீட்டு வேலைக்காரி எங்க தெருதாங்க. தெருவுக்கே தெரிஞ்சு போயிடும். தையல் போனாப் போகட்டும்."

ஒரு வாரம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோற்றில் கை வைப்பேன், எழுந்துவிடுவேன். உண்மையைச் சொன்னால் அவளுக்குக் காவல் போகும். சொல்லாவிட்டால் இடம் கிடைக்காது. நீங்களாயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

கமிட்டி கூடியபோது எழுந்து நின்று, "நான் அந்த வீட்டுக்குப் போகவே இல்லை. யாரோ சொன்னதைக் கேட்டு எழுதிட்டேன்" என்றேன். தலைவியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இத்தனை நாளா இப்படித்தான் எழுதினீங்களா?" என்று கேட்டார். என் அறிக்கை செல்லாது என்றாகி, பார்வதிக்கு மறுபடி இடம் கிடைத்தது. எனக்கு வேலை போயிற்று.

குடும்ப மானத்தை வாங்கிவிட்டாய் என்று அண்ணன் இன்றுவரை முணுமுணுக்கிறார். உண்மை அவருக்கே இதைப் படித்துத்தான் தெரியப்போகிறது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் பொய்யை ஒப்புக்கொண்டு, அவர் சொன்ன ஜெபமெல்லாம் சொன்னேன். மறுபடியும் அதே பொய்யைச் சொல்லத் தயார் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

பார்வதி தையல் கற்றுக்கொண்டு, பிள்ளைகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். போகும்போது, "இனிமே வேட்டி விஷயத்தை நீங்க எழுதுங்கம்மா" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். அப்படியும் மனசு அடித்துக்கொள்கிறது. இதே உபாயத்தோடு வேறு எவளாவது எங்காவது இருந்தால், அவளை நான் காட்டிக்கொடுத்துவிட்டேனோ?

அதைவிட அந்தத் தலைவியம்மாவின் கேள்விதான் விடமாட்டேன் என்கிறது. இத்தனை நாளா இப்படித்தானா என்று, என் பொய்யை நம்பிக் கேட்ட கேள்வி. ஆனால் பதில் ஆமாம்தானே, அண்ணி? உறையூரில் ஒரு பீடித் துண்டைப் பார்த்து எழுதினேன். பாலக்கரையில் வாசலில் கிடந்த ஆண் செருப்பைப் பார்த்து எழுதினேன். உள்ளே வாங்க என்று கூப்பிட்டவளிடம் நேரமில்லை என்றேன்.

அந்த உறையூர்க்காரியைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டேன். வாசலிலேயே நிற்க வைத்து வெளுத்து வாங்கிவிட்டாள். பாலக்கரைக்காரி மட்டும் அகப்படவில்லை. முசிறிப் பக்கம் போய்விட்டாள் என்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை முசிறிச் சந்தை முழுக்கச் சுற்றினேன். கையில் குழந்தையோடு வந்த ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்தேன். அவள் முகம் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை, அண்ணி. அன்றைக்குச் செருப்பைத்தானே பார்த்தேன்.

வருகிற ஞாயிறும் போவேன், அதற்கடுத்த ஞாயிறும் போவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. கண்டுபிடித்து, உன் இடத்தைப் பிடுங்கினவள் நான்தான் என்று என் பெயரைச் சொல்வேன். அதற்குமேல் அவள் விட்ட வழி.

உங்கள் வாயாடி நாத்தனார்,
ஸ்டெல்லா