பேராச்சிக்கு நான் யார்?

2023 ஜூலை 14
பம்பாய் மழை. மாட்டுங்கா மார்க்கெட்டில் கால் கிலோ வெண்டைக்காய் கேட்டேன். "இவ்வளவுதானா மாமி?" என்றான் கடைக்காரன். பேராச்சி செத்துப்போய் மாதங்கள் ஆகியும் ஒருத்திக்கு எவ்வளவு வாங்குவது என்று தெரியவில்லை.

ஜூலை 20
வீட்டுச் சொந்தக்காரர் என்னைக் காலி செய்யச் சொல்லி கேஸ் போட்டுவிட்டார். வாடகைச் சீட்டு பேராச்சி பெயரில் இருக்கிறது; நான் அத்துமீறித் தங்கியிருப்பவளாம். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், நான் ரயில்வே ஆபீஸில் கிளார்க். கல்யாணம் வேண்டாமென்று தனித்தனியாக முடிவெடுத்தவர்கள், பாதி ஆயுளை இந்த ஒரே சமையலறையில் கழித்தோம்.

ஜூலை 29
வக்கீல் கரீம் பாட்சாவைப் பார்த்தேன். வாடகைதாரர் இறந்தால், கூடவே இருந்த 'குடும்பத்தினர்' தொடர்ந்து குடியிருக்கலாம் என்கிறது சட்டம். "குடும்பம்னா யாருன்னு அதுல எழுதல மேடம். அதான் நமக்கு சான்ஸ், ரிஸ்க்கும் அதான்." பிறகு தயங்கிக் கேட்டார்: "அவங்க உங்களுக்கு என்ன உறவு?"
தோழி என்றேன். எவ்வளவு சின்ன வார்த்தை.

2024 பிப்ரவரி 6
தோற்றோம். நீதிபதி சின்ன வயசுப் பெண். என் முகத்தைப் பார்த்தே சொன்னாள் – ரத்தமோ திருமணமோ இல்லாத உறவைச் சேர்க்க வேண்டுமானால் சட்டசபைதான் சேர்க்க வேண்டும், நான் சட்டம் எழுத முடியாது என்று. கோபம் வரவில்லை. அவள் சொல்வதும் சரிதானே? அப்போ நான் எங்கே போறது?

பிப்ரவரி 19
எம்.எல்.ஏ. ஆபீஸ். உதவியாளர் டீ கொடுத்து இந்தியில் சொன்னார்: விஷயம் கோர்ட்டில் இருக்கிறது ஆன்ட்டி, நாங்கள் தலையிட முடியாது.
அவா இங்கே போங்கறா, இவா அங்கே போங்கறா. நடுவுல நான் ஒருத்தி. அழுகையா வந்தது. பேராச்சி இருந்தா, "ஏளா, என்னத்துக்கு அழுத? மேல கோர்ட்டுக்குப் போ"ன்னு அதட்டியிருப்பா.

மே 3
அப்பீல் போட்டாயிற்று.

நவம்பர் 21
வெறும் ரூம்மேட் என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். கரீம் பாட்சா என் வாக்குமூலத்தை வாசித்தார் – ஊட்டியது, குளிப்பாட்டியது, கொள்ளி வைத்தது. அதையெல்லாம் இங்கிலீஷில், வேறொருவர் குரலில் கேட்கக் கூச்சமாக இருந்தது.

2025 மார்ச் 12
ஜெயித்தோம். சட்டசபை 'குடும்பம்' என்ற சொல்லுக்கு எல்லை கட்டாமல் விட்டிருக்கிறது. அதற்குப் பொருள் காண்பது சட்டம் எழுதுவதாகாது, அது எங்கள் வேலை என்று தீர்ப்பு. கரீம் பாட்சா பேடா வாங்கிக் கொடுத்தார். "இனிமே லீகலா நீங்க அவங்க ஃபேமிலி மேடம்."
வீட்டுக்கு வந்து ஒரு பேடாவை அவள் படத்துக்கு முன்னால் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து நானே எடுத்துச் சாப்பிட்டேன்.