நான்கு போத்தல் தண்ணீரும் என் கணவரும்

அனுப்புநர்:
திருமதி நேசமலர் தியாகராசா,
இல. 17/3, பவளப்பூ ஒழுங்கை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.

பெறுநர்:
பொலிஸ் அத்தியட்சகர் அவர்கள்,
கொழும்பு.

விடயம்: கொதித்தாறிய நீரை வெடிபொருளெனச் சந்தேகித்து என் கணவரைத் தடுத்து வைத்திருத்தல்

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் சிவகுரு தியாகராசா, வயது 52, புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் லிகிதராக இருப்பவர். கடந்த செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில், சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டார். இன்று நான்காம் நாள். எழுத்துப் பிசகுகளை மன்னிக்கவும்.

2. அவர் பையில் இருந்தவை நான்கு அரைப் போத்தல் தண்ணீர். அவருக்கு இருப்பது ஒரே சிறுநீரகம், அதிலும் கல். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நீர் அருந்தாவிட்டால் அதுவும் பழுதாகிவிடுமெனக் களுபோவில ஆஸ்பத்திரி வைத்தியர் எச்சரித்துள்ளார். வழக்குக் கட்டுகளுக்கு இலக்கமிட்டே பழகிய மனிதர், போத்தல்களுக்கும் தாளொட்டி 8.00, 10.00, 12.00, 2.00 என்று எழுதி, கீழே சுருக்கொப்பமும் இட்டிருந்தார். இதற்காக அவரை நான் கேலி செய்திருக்கிறேன். நேரம் எழுதிய போத்தல்களைக் கண்டதும், அந்த நேரத்தில் வெடிப்பவை என்று முடிவு செய்துவிட்டார்கள்.

3. குண்டுவெடிப்புகளால் நகரம் பட்ட பாட்டை நாமும் அறிவோம். சோதனை வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் குண்டு வைப்பவன் அதில் தன் ஒப்பத்தையும் வைப்பானா, ஐயா?

4. நான் பதினெட்டு வருடம் விஞ்ஞானம் கற்பித்தவள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொன்னதைப் பொலிஸ் நிலையத்தில் அரைகுறைச் சிங்களத்தில் சொல்லவேண்டியதாயிற்று. நீருக்கு நிறமில்லை, மணமில்லை. அது எரியாது, தீயை அணைக்கும். உடம்பில் சேரும் கழிவைக் கரைத்து வெளியே கொண்டுபோவது அதுதான். நீர் குறைந்தால் கரைந்திருந்தது கல்லாகும். இரத்தத்திலும் பெரும்பகுதி நீரே. வியர்வையாகி உடம்பைக் குளிர்விப்பதும் நீரே. உயிருள்ள எதற்கும் இதுதான் விதி. நிலைய வாசலில் உள்ள குரோட்டன் செடிக்கு ஒரு கான்ஸ்டபிள் வாளி நிறைய நீர் ஊற்றியதை நான் பார்த்தேன்.

5. சொல்லியும் நம்பாததால், அனுமதி கேட்டு, மேசையிலிருந்த 10.00 மணிப் போத்தலை அதிகாரி முன்னிலையில் முழுவதும் குடித்துக் காட்டினேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அதிகாரியும் கண்டார். கண்ட பின்பும், மிகுதி மூன்றும் இரசாயனப் பகுப்பாய்வுக்குப் போகவேண்டும், அறிக்கை வர மூன்று வாரமாகும், அதுவரை விடமுடியாது என்றார். மரியாதையாகவே சொன்னார்.

6. பிறகு ஐந்து நிமிடம் என் கணவரைப் பார்க்க விட்டார்கள். உதடு வெடித்திருந்தது. “காலமை ஒரு கோப்பை, பின்னேரம் ஒரு கோப்பை. இடையிலை கேட்டாத் தாறாங்களில்லை. நேற்றையிலையிருந்து மூத்திரம் ரத்தமாப் போகுது, நேசம்” என்றார். நான் குடித்துக் காட்டியதைச் சொன்னேன். “அது என்ரை பத்து மணித் தண்ணியெல்லோ” என்றார். அவரை மீட்கப் போன நான் அவருடைய தண்ணீரையே குடித்துவிட்டு வந்திருக்கிறேன், ஐயா. அன்றிலிருந்து எனக்கு ஒரு மிடறும் இறங்கவில்லை.

7. அந்த மூன்று போத்தல் நீரும் மூன்று வாரமல்ல, மூன்று மாதம் மூடிவைத்தாலும் நீராகவே இருக்கும். அவருடைய சிறுநீரகம் அவ்வளவு நாள் தாங்காது. ஆகவே அவரை விடுவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அதற்கு நாளெடுக்குமாயின், இன்றே வைத்தியரிடம் காட்டவும், கேட்கும்போதெல்லாம் தண்ணீர் கொடுக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன்.

தங்கள் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும்,
நேசமலர் தியாகராசா

இடம்: வெள்ளவத்தை
திகதி: 14.03.1997

இணைப்புகள்:
(அ) வைத்தியரின் கடிதப் பிரதி.
(ஆ) இம்மனுவின் சிங்கள மொழிபெயர்ப்பு, அயலவர் திரு. ராசிக் செய்து தந்தது.
(இ) கொதித்தாறிய நீர், ஒரு போத்தல். இதில் நேரம் எழுதவில்லை. தயவுசெய்து அவரிடம் கொடுக்கவும்.