யார் பார்க்கப் போகிறார்கள்?

என் என்ஜின் டாக்டருக்கு,

சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கிறேன். மதிய ரயிலில் அம்மா வருகிறாள், காரில் போய்க் கூட்டி வாருங்கள். ஆனால் சாவியைத் திருகும் முன் பானெட்டைத் திறங்கள். நேற்று நீங்கள் என்ஜினைக் கழுவும்போது தண்ணீர் போகாமலிருக்க ஏர் ஃபில்டர் வாயில் கட்டிய பிளாஸ்டிக் பை இன்னும் அப்படியே இருக்கிறது. நான் தொடவில்லை, எதையாவது கழற்றிவிட்டால் அதற்கு வேறு உங்களிடம் பாட்டு கேட்க வேண்டும்.

ஒயர் இடுக்கில் தேய்த்தது பழைய பிரஷ் இல்லை, என் பல் பிரஷ். வரும்போது புதுசு வாங்கி வாருங்கள்.

பி.கு: "மூடியே கிடக்கிற இடத்தை இந்தத் தேய் தேய்க்கிறீங்களே, யார் பார்க்கப் போறா?" என்று கேட்டு நேற்று உங்கள் முகத்தைத் தொங்க வைத்தேனே. காலையில் நான்தான் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. இன்னொரு தடவையும் பார்த்தேன். அதற்குள் என் பஸ் போயே போய்விட்டது.