பதினைந்து கிலோ பையும் ஒரு பீரோவும்

மார்ச் 3, செவ்வாய்

இன்று பதினெட்டுப் படிகளை வென்றேன். வழியில் நான்கு இடங்களில் முகாம் அடிக்க வேண்டியிருந்தது. சரித்திரத்தில் இவ்வளவு மெதுவாக முன்னேறிய படை வேறு இருக்காது. கைப்பற்றிய கோட்டை: அக்கா வீட்டு வாசல். சுமந்த ஆயுதம்: அரைக்கிலோ தக்காளி.

மாரடைப்பு வந்து ஏழு வாரம். அதற்கு முந்தின நாள்கூட ஐந்தாம் மாடிக்குப் பீரோ ஏற்றினேன். வீடு மாற்றித் தரும் கம்பெனியில் இருபத்தாறு வருஷம். படியில் பின்புறமாக ஏறிக்கொண்டே மேலிருந்து இழுக்கிறவன் நான். கீழே நின்று தாங்குகிறவர் அக்கா புருஷன். எங்கள் இருவரையும் பார்த்தால் பீரோ தானாகவே படி ஏறிவிடும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இருபத்தேழாம் தேதி ஆஸ்பத்திரியில் சோதனை. தேறினால் லாரியில் என் இடம் எனக்கு. இல்லையென்றால் வேறு ஆள். முதலாளி சொல்லிவிட்டார். பீரோ தூக்குவதை விட்டால் எனக்கு என்ன தெரியும்? கொஞ்சம் பொய் சொல்லத் தெரியும்.

மார்ச் 5, வியாழன்

ஆஸ்பத்திரியில் நீளமான நடைபாதை. இரண்டு முனையிலும் ஆரஞ்சு நிறக் கூம்புகள். என் விரலில் நாடி பார்க்கும் கிளிப். ஆறு நிமிடம் நடக்க வேண்டும், அவ்வளவுதான். உடற்பயிற்சி சொல்லித் தரும் பிசியோ அம்மா கடிகாரத்தை அழுத்தினார். இருநூற்றிருபது மீட்டர்.

“நானூறு மீட்டராவது வரணும் சார்.”

“நடுவுல பஸ் ஏதாவது இருக்கா மேடம்?”

அவர் சிரிக்கவில்லை. வாக்கர் பிடித்து நடந்த ஒரு பெரியவர் என்னை இரண்டு தடவை தாண்டினார். இரண்டாம் தடவை, “வரட்டா தம்பி?” என்றார்.

மார்ச் 9, திங்கள்

அக்கா மகள் பள்ளிக்கூட டீச்சர். சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சுவாசமும் ரத்த ஓட்டமும் பற்றிய கேள்வி. ஒரு மகானுபாவன் எழுதியிருந்தான்: ‘நுரையீரல் காற்றை வாங்கி வைக்கும். ரத்தம் ஏற்றிக்கொண்டு போகும். இதயம் தள்ளிவிடும். கால் ஓடும்.’ அரை மார்க் போட்டிருந்தாள்.

“முழு மார்க் போடு. எங்க கம்பெனியையே எழுதி வச்சிருக்கான்.”

உண்மைதானே. நுரையீரல் குடோன். ரத்தம் லாரி. இதயம் எஞ்சின். தசை இருக்கிறதே, அதுதான் வாசலில் நின்று ‘இன்னும் சாமான் வரலையா’ என்று கத்துகிற வீட்டுக்காரன்.

“படி ஏறினா தசைக்கு ஆக்சிஜன் நிறைய வேணும் மாமா. அதான் மூச்சு வேகமாகுது, இதயமும் வேகமா அடிக்குது. ரெண்டும் சேர்ந்து ஓடினாதான் காலு நகரும்.”

“ஒருத்தர் லீவு போட்டா?”

சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு அவள் குனிந்துவிட்டாள்.

எஞ்சினில் ஒரு பகுதி செத்துவிட்டது. செத்த தசை திரும்பி வராது என்று டாக்டர் சொன்னபோது இவளும் பக்கத்தில்தான் இருந்தாள்.

மார்ச் 12, வியாழன்

குளித்தேன். அதற்கே மூச்சு வாங்கியது. வேறொன்றும் இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

பிசியோ அம்மா படியில் என்னை நிறுத்தினார். “சார், நீங்க மூச்சே விடலையே.”

அட, ஆமாம். சுமையைப் பிடித்ததும் வாயை மூடி, வயிற்றை இறுக்கி, அடுத்த திருப்பம் வரும்வரை மூச்சை விடாமல் ஏறுவது எங்கள் வழக்கம். முதலில் மூச்சு விடுகிறவனுக்கு அன்று முழுக்கப் ‘பலூன்’ என்று பெயர். இருபத்தாறு வருஷத்தில் நான் ஒருநாள்கூடப் பலூன் ஆனதில்லை. இப்போது கையில் ஒன்றும் இல்லாமல் நடக்கும்போதும் அப்படியே பிடித்திருக்கிறேன்.

மூச்சைப் பிடித்து முக்கினால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறுமாம். உடம்பிலிருந்து திரும்ப வேண்டிய ரத்தம் இதயத்துக்குள் நுழைய முடியாமல் தேங்குமாம். உள்ளே வந்தால்தானே வெளியே அனுப்பும்? மூளைக்குப் போவது குறைந்து கண் இருட்டிவிடுமாம். “உங்க இதயம் அதைத் தாங்காது. கால் எடுத்து வைக்கிறப்ப வாயால ஊதுங்க.”

ஊதினேன். ஆஸ்பத்திரியே பறந்துவிடும் அளவுக்கு ஊதினேன். முந்நூற்றுப்பத்து மீட்டர்.

மார்ச் 22, ஞாயிறு

சாப்பிடும்போது மச்சான் கேட்டார். “மாப்ள, மேல நீ கண்ணு இருட்டி கைய விட்டுட்டா பீரோ யார் மேல வரும்?”

“உங்க மேலதான். அக்காவுக்குப் பீரோவாவது மிஞ்சுமே.”

அக்கா கரண்டியைப் பாத்திரத்தில் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

“சிரிக்காத,” என்றார் மச்சான். “உனக்கு முடியும்னா முடியும்னு சொல்லு. நான் கீழ நிக்கிறேன். நீ சொன்னா போதும் எனக்கு.”

ஏன் அப்படிச் சொன்னார்? சண்டை போட்டிருக்கலாம். அது எவ்வளவோ மேல்.

மார்ச் 27, வெள்ளி

நானூற்றுப் பதினைந்து மீட்டர். வாக்கர் பெரியவர் இருந்திருந்தால் ‘வரட்டா’ என்று நான் சொல்லியிருப்பேன்.

பிறகு பதினைந்து கிலோ பையைத் தூக்கி இரண்டு மாடி. ஊதி ஊதித்தான் ஏறினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் பை படியோரக் கைப்பிடிக் கம்பியில் இடித்தது — நான் நினைக்கும் முன்பே வாய் மூடிக்கொண்டது, வயிறு இறுகியது.

இருட்டு. இரண்டு நொடி இருக்குமா? மூன்றா? கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பிசியோ அம்மா பின்னால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். “நல்லா வந்துட்டீங்க சார்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

சான்றிதழ் சட்டைப் பையில் இருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. யாருக்கும் தெரியாது.

உனக்குத் தெரியும்டா.

மார்ச் 28, சனி

காகிதத்தைப் பார்த்து அக்கா அழுதாள். மச்சான் தன் கையுறையோடு என் கையுறையையும் எடுத்து உதறி வெயிலில் போட்டார்.

பத்து நாள் ஊதினால் இருபத்தாறு வருஷம் போய்விடுமா? பீரோ பிடித்ததும் இந்த வாய் தானாக மூடும். எனக்குத் தெரியும்.

மார்ச் 29, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

“மச்சான், முந்தா நாள் படியில எனக்குக் கண்ணு இருட்டிடுச்சு.”

“அந்தம்மாகிட்ட சொன்னியா?”

“இல்ல.”

“நாளைக்குக் காலைல போறோம். நானும் வரேன்.”

பிறகு கை கழுவப் போனார். குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

நான் யார் இனிமேல்? மேலே நிற்கிறவன் இல்லை. கீழே நிற்கவும் லாயக்கில்லை. ஒரு பொய்கூட வரமாட்டேன் என்கிறது இன்றைக்கு.

ஏப்ரல் 8, புதன்

பிசியோ அம்மா சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொண்டார்; முதலாளி எனக்கு ஆபீசில் ஒரு சுழல் நாற்காலி கொடுத்தார். பாதி உலகத்தை அதிலிருந்து ஆளலாம். மீதிப் பாதிக்கு அது திரும்பாது. போன் எடுத்து, சாமான் விவரம் கேட்டு, சீட்டு எழுதுவது என் வேலை. மச்சானோடு இப்போது வேறொருவர் போகிறார். வாசலில் லாரி கிளம்பும்போது நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

மதியம் ஒரு பெண் கூப்பிட்டார். நாலாவது மாடி, லிப்ட் கிடையாது, இரும்பு பீரோ. “ரெண்டு பேர் போதும்ல? போன தடவை ரெண்டு பேர்தான் வந்தாங்க.”

சீட்டில் ஆட்கள் என்ற இடத்தில் ‘நான்கு’ என்று எழுதினேன். முதலாளி அதை எடுத்துப் பார்த்தார்.

“நாலா?”

“நாலு.”

சீட்டை அப்படியே நாளை வேலைகளுக்கான ஆணியில் குத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.