ஒரே கல்லூரிக்கு ஒரு கையெழுத்து

பெல்டன் தீவு, மெய்ன்
அக்டோபர், முதல் ஞாயிறு

கடற்படையின் வருங்காலத் தூணும் தற்காலத் துடைப்பமுமாகிய என் அன்புள்ள அக்கா டீலியாவுக்கு,

தம்பி ஓரின், காலோடு கால் சேர்த்து நின்று சல்யூட் அடித்து எழுதிக்கொள்வது.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், தர்லோ குடும்பத்தின் இளைய வாரிசான ஓரின் என்பவன், சென்ற வியாழக்கிழமை மாலை, முழுச் சுயநினைவோடும் யாருடைய வற்புறுத்தலும் இன்றியும், தன் தலையைச் சீப்பால் வாரினான். சாட்சிகள்: அம்மா, குளியலறைக் கண்ணாடி. அம்மா கையிலிருந்த காபியை அப்படியே வைத்துவிட்டு, "யாருடா செத்தது?" என்று கேட்டாள்.

யாரும் சாகவில்லை அக்கா. கல்லூரி நேர்காணல்! கணினித் திரையில்தான். இடுப்புக்கு மேலே சட்டை, கழுத்துப்பட்டை. இடுப்புக்குக் கீழே படகில் போடும் ரப்பர் கால்சட்டை. கேள்வி கேட்ட கல்லூரிப் பெண்மணி, "உன் வீட்டுக்குப் பின்னால் கடல் தெரிகிறதா?" என்று கேட்டார். எழுந்து காட்டப் போனவன், கால்சட்டை ஞாபகம் வந்து பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் பார்த்திருக்க வேண்டும். இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் தம்பி கல்லூரிக்கு விண்ணப்பித்துவிட்டான்! எல்லாத் தாளும் தயார், அனுப்பியும் ஆயிற்று, இந்த வருஷம் தீவிலேயே முதல் ஆள் நான்தான். வகுப்பில் நான் இரண்டாம் இடம் என்றும் அதில் போட்டிருக்கிறேன். வகுப்பில் இருப்பதே நானும் ஹெட்டி பங்கரும்தான் என்று நான் ஏன் போட வேண்டும்? அவர்கள் கேட்கவில்லை.

நீ விண்ணப்பம் கிண்ணப்பம் எதுவும் இல்லாமல் நேரே கடற்படைக்குப் போனவள். உனக்கு இந்தக் கூத்து தெரியாது. வழிகாட்டி ஆசிரியை திருமதி ஓகில்வி செவ்வாய்க்கிழமை கரையிலிருந்து ஃபெரிப் படகில் வருகிறார் அல்லவா, அவர் எல்லோருக்கும் கல்லூரிகளை மூன்று கூடையாகப் பிரிப்பார். எட்டாத கல்லூரி, எட்டுகிற கல்லூரி, எட்டி உதைத்தாலே திறந்துகொள்ளும் கல்லூரி. ஹெட்டி மூன்று கூடையையும் நிரப்பி, சுவரில் வண்ண வண்ணமாய் அட்டவணை ஒட்டியிருக்கிறாள். எனக்கு ஒரே கூடை, அதில் ஒரே கல்லூரி. நியூயார்க் பக்கம். சின்ன இடம். அங்கே கப்பலையும் படகையும் எப்படி வடிவமைப்பது என்பதை மட்டுமே சொல்லிக் கொடுக்கிறார்கள். அதை மட்டுமே, அக்கா! வரலாற்றுப் பாடத்தில் நோட்டுக்குப் பின்பக்கம் நான் வரைந்து திட்டு வாங்கியதை அங்கே முன்பக்கத்தில் வரையச் சொல்வார்களாம்.

அந்தக் கல்லூரிக்கு முன்கூட்டியே வாக்குக் கொடுத்து விண்ணப்பிக்க ஒரு வழி இருக்கிறது. ஏறக்குறைய நிச்சயதார்த்தம்தான். அவர்கள் சரி என்றுவிட்டால் வேறு பக்கம் தலையைத் திருப்பக்கூடாது, போயே ஆக வேண்டும். நவம்பர் முதல் தேதி கடைசி நாள். அதில் நானும் கையெழுத்துப் போட வேண்டும், திருமதி ஓகில்வியும் போட வேண்டும், அம்மாவும் போட வேண்டும். இங்கேதான் பிடித்தது சனி.

போன ஏப்ரலில் நான் செய்த காரியம் உனக்கு மறந்திருக்காது. கணக்கு வாத்தியார் விட்காமின் நாய் மஃபினுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் முழு உதவித்தொகையுடன் இடம் கிடைத்ததாக நான் ஓர் ஓலை தயாரித்துக் கடை வாசலில் ஒட்டினேன். வாத்தியார் பெயரை மட்டும் பெரிதாகப் போட்டு, நாயின் பெயரைக் குட்டியாகப் போட்டது என் கலைத்திறன். யாரும் முழுதாகப் படிக்கவில்லை. இந்த வயதில் மறுபடி படிக்கப் போகிறாரே என்று ஊரே அவர் கையைக் குலுக்கியது. கடைக்காரம்மா கேக் வேறு செய்துவிட்டார்.

அதன் பலனை இப்போது அனுபவிக்கிறேன். நான் கல்லூரி என்று வாயைத் திறந்தாலே எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார்கள், எங்கேயாவது கேமரா ஒளித்து வைத்திருக்கிறேனா என்று. நான் கொண்டுபோன தாளைத் திருமதி ஓகில்வி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல. "ஓரின், நான் ஃபெரிக்குப் போகணும். சீக்கிரம் சொல்லு, இந்தத் தடவ யாரு மாட்டப் போறா?" என்றார். நான்தான் மேடம் என்றேன். அதற்கும் சிரித்தார்.

ஆனால் உன் தம்பி லேசுப்பட்டவனா? ஒவ்வொருவராக மடக்கினேன்.

முதலில் கட்டுரை. என் குறும்புகளையெல்லாம் கோர்த்து ஒன்று எழுதிக் கொடுத்தேன். திருமதி ஓகில்வி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "நல்லா இருக்குடா. ஆனா இதுல ஊரு இருக்கு, நாயி இருக்கு, கேக்கு இருக்கு. நீ எங்க இருக்க?" என்று திருப்பிக் கொடுத்தார். கோபத்தில் வீட்டுக்கு வந்து வேறு எழுதினேன். நம் படகு ஏன் பின்னாலிருந்து அலை வந்தால் மட்டும் குடிகாரன் மாதிரி ஆடுகிறது என்று. போன கோடையில் நான் சிங்கி இறால் கூண்டுகளைப் படகில் இடம் மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தேனே, அம்மா கூட "வீடு மாத்துறியா?" என்று கத்தினாளே, அது விளையாட்டு இல்லை அக்கா. எங்கே எடை வைத்தால் எப்படி உட்காருகிறது என்று பார்த்தேன். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் நம்பியிருக்கவும் மாட்டார்கள். இதைப் படித்தபோது திருமதி ஓகில்வி சிரிக்கவே இல்லை. அன்றைக்கு அவர் ஃபெரியைத் தவறவிட்டார்.

அடுத்தது பரிந்துரை. என்மேல் பரிந்து உரைக்க இந்தத் தீவில் யார் இருக்கிறார்கள்? எரிந்து உரைக்க வேண்டுமானால் வரிசையில் நிற்பார்கள். கணக்கு வாத்தியார்தான் எழுத வேண்டும் என்று கல்லூரி சொல்கிறது, நமக்கு இருப்பதோ ஒரே கணக்கு வாத்தியார். போய் நின்றேன். விட்காம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "என்கிட்ட கேக்கறதுக்கு முன்னாடி மஃபின்கிட்ட மன்னிப்புக் கேளு. இடம் கெடைச்சும் போக முடியலன்னு அது மனசொடஞ்சு கெடக்கு" என்றார். ஹெட்டி முன்னிலையில் மண்டியிட்டு நாயிடம் மன்னிப்புக் கேட்டேன். நாய் என் காதை நக்கியது. "அது மன்னிச்சிட்டுது. நான் இன்னும் யோசிக்கிறேன்" என்றார் வாத்தியார். ஆனாலும் எழுதி அனுப்பிவிட்டார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது; தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கு வேண்டாம் என்று நானே விண்ணப்பத்தில் ஒரு கட்டத்துக்குள் குறி போட்டுத் தொலைத்திருக்கிறேன். எல்லோரும் அப்படித்தான் போடுவார்களாம். ஊரார் பார்சலையெல்லாம் குலுக்கிப் பார்க்கும் எனக்கு இப்படி ஒரு தண்டனை!

கடைசியில் அம்மா. எட்டாம் வகுப்பில் சுற்றுலா அனுமதித் தாள்களுக்கு நடுவே, "என் மகன் ஆயுள் முழுதும் பீட்ரூட் சாப்பிடத் தேவையில்லை" என்று ஒரு தாளைச் செருகிக் கையெழுத்து வாங்கினேன் அல்லவா, அன்றிலிருந்து நான் நீட்டும் எதையும் அவள் உரக்கப் படிக்காமல் தொடுவதில்லை. படகில் வைத்தே கேட்டேன். இரை மீன் வாளியை இழுத்துக்கொண்டே, "கையெழுத்தா? எந்த நாய்க்குடா?" என்றாள். தாளை நீட்டினேன். எஞ்சினை நிறுத்தினாள். உனக்குத் தெரியும், கூண்டு தூக்குகிற நேரத்தில் அம்மா எஞ்சினை நிறுத்தவே மாட்டாள். கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு வரி விடாமல் படித்தாள்.

அப்புறம் நான் பேசினேன் பார், ஒரு சொற்பொழிவு! வேலை வாய்ப்பு, உதவித்தொகை, பெண்கள் தனியாக ஓட்டும் படகுகளுக்கு நாட்டில் நல்ல வடிவமே இல்லாத அநியாயம், எல்லாம் அடுக்கினேன். அம்மா வாயடைத்துப்போய் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டாள். தாளில் மீன் வாசம் அடிக்கிறது. அப்படியே ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிவிட்டேன். நல்லவேளை, வாசத்தை ஏற்ற இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். அப்பா ஃப்ளோரிடாவிலிருந்து ஆரஞ்சுப் பெட்டி அனுப்பினார், பாதி அழுகல். அம்மா இப்போதெல்லாம் சமையல் மேடையருகே நின்றபடியே சாப்பிடுகிறாள், உட்கார்ந்தால் தூக்கம் வருகிறதாம். உன் அறையை நான் எடுத்துக்கொள்ளவில்லை. உன் ஹெட்ஃபோனை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அக்கா, இதுவரை எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். பாதி பொய். கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்றால் கை வலிக்கிறது. ஆகையால் இங்கேயே திருத்திவிடுகிறேன்.

சொற்பொழிவெல்லாம் இல்லை. அம்மா படித்து முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து, "நெசமாவா ஓரின்?" என்று மட்டும் கேட்டாள். ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றுமே வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். மூக்கு ஒழுகியது, காற்றினால்தான் என்று வைத்துக்கொள். அம்மா கையெழுத்துப் போட்டாள். "சரி, அடுத்த கூண்டத் தூக்கு" என்றாள்.

திரும்பி வரும்போது ரேடியோவை எடுத்தாள். சுற்றியுள்ள படகுகள் எல்லாவற்றுக்கும் கேட்கும்படி, "என் பையன் கப்பல் வரையப் படிக்கப் போறான்பா. ஆமா, நெசந்தான். நாய் இல்ல, பையன்தான்" என்றாள். அங்கங்கே ஹாரன் அடித்தார்கள் அக்கா, எனக்காக! எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. குதித்தும்விட்டேன், தலை கூரையில் இடித்தது. அப்போது அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ரேடியோவில், "அப்புறம், அடுத்த வருஷம் இவனுக்குப் பதிலா படகுல பின்னால நின்னு கூண்டு தூக்க எனக்கு ஒரு ஆளு வேணும். யாராச்சும் இருந்தா சொல்லுங்க" என்றாள்.

எல்லாம் தயார் என்றது உண்மை. அனுப்பியாயிற்று என்றதுதான் பொய். பச்சை நிறத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு போய் அதைப் பார்த்துவிட்டு வருகிறேன். அமுக்கிவிட்டால் திரும்பி வர முடியாத வாக்கு அது. அந்தக் கல்லூரி எனக்கு எவ்வளவு வேண்டும் என்று உனக்குச் சொல்லி மாளாது. அதனால்தான் விரல் நகரமாட்டேன் என்கிறது.

அனுப்பு என்றோ அனுப்பாதே என்றோ எழுதாதே. அந்தக் கடற்படைப் பயிற்சி முகாமில் உனக்குக் காகிதமும் நேரமும் குறைவு என்று தெரியும். ஒரே ஒரு விஷயம் எழுது. ஜூலையில் ஃபெரி கிளம்பியபோது நீ மேல் தளத்தில் நின்று அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனாய். அதை எப்படிச் செய்தாய்? இந்த மாதம் முடிவதற்குள் உன் பதில் தபால் படகில் வந்துவிட வேண்டும்.

உன் கால் கொப்புளங்கள் ஆறட்டும். உன்னைத் திட்டுகிறவர்களுக்குத் தொண்டை கட்டட்டும்.

உன் பதிலுக்காகத் துறையிலேயே நிற்கும்,
உன் தம்பி
ஓரின்